அக்கா பிசைந்த திராட்சை

எல்ல நகரில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் வைன் கிளாஸ் கழுவும்போதெல்லாம் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு நினைவுக்கு வந்துவிடும்.

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகுமுன் அக்காதான், அப்பா துரை பங்களாவிலிருந்து கொண்டுவந்த தடித்த தோல் மஸ்கடைன் திராட்சையைப் பிசைந்தாள்.

"கை அரிக்குதும்மா!"

"பிசைடி. யேசு பொறந்த நத்தாருக்கு வைன் வேணாமா?"

"நான்தான் இருக்கமாட்டேனே. எனக்கில்லயா?"

"நீ வந்த பொறகுதான் தொறப்பேன், போதுமா?"

அக்கா சிரித்துக்கொண்டே திராட்சைச் சாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள்.

அடுத்த நத்தாருக்கு முன் அவள் சவப்பெட்டியில் வந்தாள். அடக்கம் முடிந்து வந்த அப்பா, சாடியைக் கொட்டத் தூக்கினார். அம்மா விடவில்லை. துணியில் அக்காவின் விரல்கள் ஊதாவாகப் பதிந்திருந்தன.

அம்மாவும் போய்விட்டார். சாடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. நானும் திறக்கவில்லை.