நிற்க மறுத்த டீசல் இன்ஜின்

மாலை நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு, கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால், எங்கள் கார் ஓட்டுகிறவனின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் போயிற்று. ஐந்து மணிக்குள் திண்டிவனம் வந்து சேர்ந்துவிடுவோம் என்று கணவரிடம் சொல்லியிருந்ததால் அப்போதுதான் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். ஓட்டியவன் என் மகன். பின் இருக்கையில் என் பக்கத்தில், ஏழு மாத வயிறும் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலுமாக, என் மகள். கெடாரில் அவளுடைய மாமனார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனோம். கணவர் உறவினர்களோடு மதியமே பஸ்ஸில் கிளம்பிப் போயிருந்தார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மாமனார் காலத்து அம்பாசடர். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் வாசலில் வேப்பஞ்சருகு மூடி நின்றுகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் பழைய பெட்ரோல் கார்களுக்கு டீசல் இன்ஜின் மாற்றும் மோகம் வந்தது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்த என் மகனும் அதையே செய்யப்போவதாகச் சொன்னான். விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் இன்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கியபோது, அது அந்தக் காரின் மூக்குக்குள் போகும் என்று நான் நம்பவில்லை. பழைய இன்ஜினைவிட அது நீளம், கனம் வேறு.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். அளவு சரியாக இல்லையென்றால் விடை தவறு என்றுதான் எனக்குத் தெரியும். அவனோ அட்டையை வெட்டி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, அந்த அட்டையின் வடிவத்திலேயே தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டு வந்தான். வேன் இன்ஜினையும் கார் கியர்பாக்ஸையும் அந்தத் தகடுதான் சேர்த்து வைத்தது. கனம் தாங்காமல் காரின் முன்பக்கம் தரையை மோந்து பார்க்கிற மாடு மாதிரி குனிந்தது. அதையும் நிமிர்த்தினான். முதல் முறை இன்ஜின் ஓடியபோது சமையலறை அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் நடுங்கின. அவன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றான். குழந்தையின் மார்பில் டாக்டர் குழாய் வைத்துக் கேட்பதுபோல இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கெடாரில் சம்பந்தியம்மாவுக்கு அந்தக் காரைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. "இன்னாங்க சம்பந்தி இது, ஒட்டுப் போட்ட வண்டியில மாசமா இருக்கிற பொண்ண ஏத்திக்கினு போறீங்க?" என்று நலங்கு வைக்கிற கையோடே கேட்டார்கள். பெண்கள் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஒரு லாரியை முந்துவதற்காக அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். லாரியைத் தாண்டியதும் காலை எடுத்துவிட்டான். வேகம் குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது. இன்ஜின் சத்தம் முதலில் உறுமலாக இருந்து, பிறகு கத்தலாக மாறியது. பின்னால் சாலை தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. டீசல் இன்ஜினை நிறுத்துவதற்கென்று டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அதை இழுத்தால் டீசல் நின்றுபோகும், இன்ஜின் அணைந்துவிடும். இழுத்தான். அணையவில்லை. மறுபடி இழுத்தான். கம்பி முழு நீளத்துக்கும் வெளியே வந்து நின்றது. இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது.

"டேய், நிறுத்துடா!"

"நிறுத்திட்டேம்மா. அது நிக்க மாட்டேங்குது."

இதை அவன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கியரை விடுவித்தான். சக்கரத்திலிருந்து விடுபட்டதும் இன்ஜின் இன்னும் வெறி பிடித்து அலறியது. பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், புளியமரத்து ஓரமாகக் காரை நிறுத்தினான். டாப் கியரில் போட்டுப் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே திணறி நின்றிருக்குமாம். அக்கா முன் சீட்டில் போய் மோதியிருப்பாள் என்று அதைச் செய்யவில்லை. இதைப் பிறகுதான் சொன்னான்.

"அக்கா, எறங்கு, ஜல்தி! அந்தாண்ட போ. அம்மா, அவள இட்டுக்கினு தூரமாப் போ!"

மகளைக் கைத்தாங்கலாக இறக்கி மரத்துக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவன் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தான். இன்ஜின் அப்படி ஓடினால் உள்ளே இருக்கிற இரும்பு உடைந்து துண்டு துண்டாக வெளியே பாயும் என்று அவனே ஒரு நாள் சாப்பிடும்போது என்னிடம் விளக்கியிருக்கிறான். அதே இன்ஜினுக்கு மேல் அவன் குனிந்து நின்றான்.

"தட்டு! அம்மா, அந்தத் தட்டக் குடும்மா!"

கெடாரில் மகளுக்குக் கொடுத்தனுப்பிய சீர்த்தட்டு என் இடுப்பில் இருந்தது. இறங்கும்போது அதையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. பழமும் மஞ்சளும் சாலையில் உருள, அவனிடம் ஓடிப்போய்த் தட்டை நீட்டினேன். காற்று உள்ளே போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, அந்த வாயில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து இரண்டு கையாலும் அழுத்தினான். தட்டை யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல அது ஒட்டிக்கொண்டது. இன்ஜின் திக்கியது, குலுங்கியது, நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் மகளின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அழுதேன்.

"நீ ஏம்மா அழுவுற? புள்ள பெக்கப்போறவ நானு. உள்ள ஒதைக்குது, நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

மகன் காற்றை வடிகட்டுகிற டப்பாவைக் கழற்றிப் பார்த்தான். அதன் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. தூசியைப் பிடித்துக்கொள்வதற்காக அதில் ஒரு கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அதில் எண்ணெய் விளிம்பு வரை நின்றது. வேகம் கூடியதும் இன்ஜின் காற்றோடு எண்ணெயையும் உறிஞ்சி, அதையே எரித்து ஓடியிருக்கிறது. அதனால்தான் டீசலை நிறுத்தியும் நிற்கவில்லை.

"நான் கோடு வரைக்கும்தானே ஊத்தனேன்..." என்றான் அவன்.

"நீ பந்தியில சாப்ட்டுக்கினு இருக்கும்போது மாமா எண்ணெ டின்ன எடுத்துக்கினு வண்டிகிட்ட போனாரு," என்றாள் மகள்.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய மாமனார் டிராக்டரும் ஆயில் இன்ஜினும் வைத்து விவசாயம் பார்க்கிறவர். மாசமாக இருக்கும் மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பும்போது எதையும் குறைவாக அனுப்பக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சோற்றுத் தூக்கு நிறைய, பலகாரக் கூடை நிறைய, தண்ணீர்ச் செம்பு நிறைய. காரையும் திறந்து பார்த்திருக்கிறார். கிண்ணம் பாதிதான் இருந்திருக்கிறது, அதையும் கோடு பார்க்காமல் நிரப்பியிருக்கிறார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றேன். பெண்ணைக் கொடுத்தவர்கள் சம்பந்தி வீட்டின் மேல் பழி சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

மகன் எண்ணெயைச் சாலையில் கொட்டிவிட்டு, தன் புதுத் துண்டால் கிண்ணத்தையும் குழாயையும் துடைத்தான். டிக்கியில் வைத்திருந்த டின்னிலிருந்து கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றினான். கைப்பிடிக் கம்பியை முன்னால் செருகி, இன்ஜினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் காது கொடுத்தான். பிறகு ஸ்டார்ட் செய்தான். கொஞ்சம் புகைந்து, பிறகு ஒழுங்காகச் சுழன்றது. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த கம்பியை இழுத்தான். நின்றது. மறுபடி போட்டான், மறுபடி இழுத்தான். ஒவ்வொரு முறையும் நின்றது. நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"அக்காவ பஸ்ஸுல ஏத்தி உட்ரும்மா. நான் தனியா ஓட்டிக்கினு வர்றேன். இந்த வண்டியில இனிமே யாரையும் ஏத்த மாட்டேன். வித்துடலாம்."

வண்டி ஓடும் என்று நான் நம்பினேன். ஆனால் என் மகளை அதில் ஏற்ற அப்போது எனக்குத் துணிவு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். அவன் அதையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப்போய் நின்றது. நாங்கள் கிளம்பும்போது கட்டி முடியாதிருந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்ன சம்பந்தி, மகளின் மாமனார்தான், அதிலிருந்து இறங்கி ஓடிவந்தார். நல்ல உடம்பு, வயதுக்கு மீறின ஓட்டம். நேராக மருமகளிடம் போனார்.

"இன்னாம்மா, உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"வண்டிக்கு இன்னா?"

"சின்ன ரிப்பேருங்க. சரியாயிடுச்சுங்க," என்றான் மகன்.

அவர் சாலையில் கொட்டிக் கிடந்த எண்ணெயைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். இன்ஜின் தெரிந்தவர் அவர், யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. பானெட்டுக்குள் குனிந்து இரும்புத் தகட்டைத் தடவினார், குழாயை இழுத்துப் பார்த்தார். "போடு தம்பி," என்றார். மகன் ஸ்டார்ட் செய்தான். "நிறுத்து." நின்றது. "போடு." போட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, இன்னா பேஜாரு பண்றீங்க? புள்ளத்தாச்சி ஏறுதா? முன்னால சீட்டு காலி பண்ணித் தர்றேன். சீக்கிரம் சொல்லுங்க!"

மகன் அக்காவின் பையைக் கையில் எடுத்துவிட்டான். சம்பந்தி அந்தப் பையை அவன் கையிலிருந்து வாங்கிக் காரின் பின் இருக்கையில் வைத்தார். மருமகளுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பஸ் பக்கம் திரும்பினார்.

"மூட்டைய மட்டும் எறக்கி உட்டுட்டு நீ போப்பா. நாங்க கார்ல வர்றோம்."