புகைக்கூட்டு மிஸ்

புதுவீடு பார்க்கப் போகிறவர்கள் மாபிளைத் தடவிப் பார்ப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் நேரே குசினிக்குப் போய் அடுப்புக்குள் தலையை விடுவேன், அதுதான் எனக்கு உத்தியோகம். ஆனையிறவிலிருந்து மாங்குளம் வரை வீட்டுத்திட்ட வீடுகளைப் பார்த்துச் சரி பிழை சொல்லிக் கையெழுத்து வைக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். பதவி நீளமென்பதால் சனம் அதை 'புகைக்கூட்டு மிஸ்' என்று சுருக்கிவிட்டது. ஈரவிறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி ஆட்கள். உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வது?

அடுப்புப் பூசை

புகைக்கூடு சரியாக இழுக்கிறதா என்று பார்க்க என்னிடம் பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடிப்பேன். புகை மேலே போனால் சரி, என் முகத்துக்கு வந்தால் பிழை. மாங்குளத்தில் சுகந்தி வீட்டிலும் அப்படித்தான். சுகந்தியின் மகள் ஆரணிக்கு நாலு வயது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். "இவளுக்கு முட்டு, மிஸ். கொஞ்சம் புகை பட்டாலும் இழுக்கத் தொடங்கீடும். இந்தப் புகைக்கூட்டைத்தான் நம்பியிருக்கிறன்" என்று சுகந்தி முதலே சொல்லியிருந்தாள். அதனால் வழக்கத்தைவிடக் கவனமாக, மூன்று பத்தி கொளுத்திக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றேன். குடிவந்து ஒரு மாதம், குசினிச் சுவரெல்லாம் இன்னும் பால் வெள்ளை. புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போனது. எனக்கு அப்படியொரு சந்தோசம். அந்த இடத்திலேயே கையெழுத்தை வைத்தேன்.

திரும்பினால், வீடு முழுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறது. அயல்வீட்டுச் சனமும் வந்துவிட்டது. சுகந்தியின் மாமியார் கையில் தேங்காய், வெற்றிலை, கற்பூரத்தோடு ஒரு தட்டம். நான் வாய் திறக்குமுன் அவர் மரியாதையாகக் கேட்டார்: "மிஸ், குங்குமம் அடுப்புக்கு வைக்கிறதோ, உங்களுக்கு வைக்கிறதோ?"

வாளி

கிளிநொச்சியில் ஒரு வீடு. மாரி மழை புகைக்கூட்டுக்குள்ளால் இறங்கி அடுப்பை நூர்க்கிறதென்று வீட்டுக்காரர் கூரையில் ஏறி, அதன் வாயில் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துவிட்டார். நான் போனது பங்குனி வெயிலில். வாளி அப்படியே இருக்கிறது. கீழே மனைவி கண்ணீரும் கம்பலையுமாகக் கறி கிண்டுகிறார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மழை விட்டு எவ்வளவு காலம், அதை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று பாய்ந்தேன். மனிதர் அசையவில்லை. "மூடேக்கை ஏணி இருந்தது, மிஸ். திறக்கேக்கை அதை இரவல் குடுத்தாச்சு."

சாமிக்கு மேலே

புகைக்கூடு கூரை முகட்டைவிட உயர்ந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையை மடக்கி வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும். ஆனையிறவுப் பக்கக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கட்டி முடித்த புகைக்கூட்டை மேசனைக் கொண்டு பாதியாக வெட்டுவித்திருந்தார். சாமியறைக் கூரையைவிட அடுப்புப் புகை உயரக்கூடாது என்று யாரோ சாத்திரம் சொல்லியிருக்கிறார்கள். விளைவு, புகை முழுக்கச் சாமியறை யன்னலுக்குள். படங்களெல்லாம் கறுத்துப்போய், பிள்ளையார் எவர், முருகன் எவர் என்று அறியத் தும்பிக்கையைத் தேடவேண்டியிருந்தது. சாமிக்கே மூச்சு முட்டுகிறது ஐயா, இதற்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். தபாலதிபர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவர் அதை ஓமப்புகை எண்டு நினைச்சுக்கொள்ளுவார் பிள்ளை. நீங்கள் கையெழுத்தை வையுங்கோ."

பிழை என்று எழுதியது

மாணிக்கம் அண்ணன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். புகைக்கூட்டைத் தானே கட்டியிருந்தார். எங்கள் வரைபடத்தில் இருப்பதைவிட அடுப்புக்கு மேலே கழுத்தை நன்றாக ஒடுக்கிவிட்டிருந்தார். எனக்கு அன்று வேறு மூன்று வீடு பார்க்கவேண்டும். ஊதுபத்தியைக்கூட வெளியே எடுக்காமல் 'பிழை' என்று எழுதினேன். அவர் முற்றத்தில் கிடந்த ஈரவிறகாகப் பார்த்து எடுத்துவந்து மூட்டினார். யாரோ மேலே இருந்து இழுக்கிறதுபோலப் புகை போனது. குசினிக்குள் ஒரு துளி இல்லை.

வெட்கமாகப் போய்விட்டது. எழுதியதை வெட்டிவிட்டு, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். வெறுந்தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா துரை பங்களாவுல குளிர்காயிற அடுப்புக்குப் புகைக்கூடு துடைச்சவரு மிஸ். அதுல புகை நிக்கவே நிக்காது. எங்க லயத்து வீடுகளுக்குத்தான் புகை போக ஒரு ஓட்டை வைக்கணும்னு யாருக்கும் தோணல."

வெள்ளைக் குசினி

மூன்று மாதம் கழித்து மாங்குளம் போனபோது, சுகந்தி வீட்டுப் புகைக்கூட்டை எட்டிப் பார்க்க ஆசை வந்தது. படலையைத் திறக்கும்போதே இருமல் கேட்டது. ஆரணி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தாள். சரியென்று கையெழுத்து வைத்தவள் நானல்லவா. குசினிக்கு ஓடினேன். சுவர் அதே பால் வெள்ளை. ஊதுபத்தியைப் பிடித்தால் புகை அதே நேர்கோட்டில் மேலே போகிறது. குனிந்து அடுப்பைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. நகத்தளவு சாம்பல்கூட இல்லை.

பின்பக்கம் போனேன். பிள்ளை படுக்கும் அறை யன்னலுக்குக் கீழே, தென்னோலைக் கிடுகால் சாய்ப்பாக இறக்கிய ஒரு பத்தி. அதற்குள் மூன்று கல்லை வைத்து மாமியார் சோறு சமைத்துக்கொண்டிருந்தார். புகை அவ்வளவும் யன்னலுக்குள். அவருடைய மகளுக்குத் தையில் கலியாணமாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்வரை புதுக்குசினி கறுக்கக்கூடாதாம். "புகைக்கூட்டைத்தான் நம்பியிருக்கிறன் எண்டு சொன்னனீர்?" என்று சுகந்தியைக் கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்கள்மேல், பாதி என்மேல். புகையைப் பார்த்த நான் சாம்பலைத் தேடவில்லையே. எரிகிற கொள்ளி ஒன்றை இழுத்தெடுத்துக்கொண்டு, அடுப்பை மூட்டுவதற்குப் புதுக்குசினிக்கு நடந்தேன். "ஐயோ பிள்ளை, சுவர்!" என்று மாமியார் பின்னால் ஓடிவந்தார். அவர் கத்திய கத்தலில் என் கை தடுமாறி, கொள்ளி சுவரில் உரசி, ஒரு முழத்துக்குக் கரிக்கோடு விழுந்தது. உத்தியோகம் போச்சு என்று நினைத்தேன். சுகந்தி மெதுவாகக் கிட்டப் போய்க் கோட்டைத் தொட்டாள். அழிக்கப் போகிறாள் என்றிருந்தேன். அவளோ உள்ளங்கையால் அதை இன்னும் அகலமாகத் தேய்த்துவிட்டு, வெளியே போய்ச் சோற்றுப்பானையைத் தூக்கிவந்து புது அடுப்பில் வைத்தாள். "கறுத்துப்போச்சுதுதானே, மாமி. இனி இதிலேயே சமைப்பம்."

இத்தனை வருடம் அடுப்புக்குள் தலையை விட்டு நான் கண்டறிந்தது இவ்வளவுதான்: வெள்ளையாக இருக்கிற குசினியை ஒருநாளும் நம்பக்கூடாது, அடுப்பு மூட்ட நேரமில்லாத என் வீட்டுக் குசினி உட்பட.