சாவு விழாத வீட்டில் ஒப்பாரி

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. காரணம், நான் அழைத்து வந்த ஒரு அமெரிக்கர்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கப்பல் சமையலறை, துபாய், கோவா என்று அலைந்ததில் இங்கிலீஷ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அதை வைத்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மும்பையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்படி வந்தவர் அவர். ஆபரா எழுதுகிறவர்; கதை முழுவதையும் பாடியே நடிக்கும் நாடகத்துக்கு இசை அமைப்பவர். மாட்டுங்காவில் காபி குடித்தபடி தன் கதையைச் சொன்னார். முதல் ஆபரா மூன்றே நாளில் படுத்துவிட்டது. இருபது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஐம்பதுக்கு மேல்தான் பெயர் கிடைத்தது. பெயர் வாங்கித் தந்த ஆபராவின் ஒத்திகையில் இருந்தபோது மனைவி இறந்துபோனாள். இப்போது அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், சாவுக் காட்சிக்கு ஒரு சுரமும் வரவில்லை.

"உங்கள் பெண்கள் எப்படி அழுவார்கள்?" என்று கேட்டார்.

தாராவியில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் தெருவில் எந்தச் சாவுக்கும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

"ஏல, சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்லுத. ஒனக்குக் கிறுக்கா?" என்றாள்.

கட்டிலில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தான் சிரித்தார். "அழுகதான வேணும்? சாயங்காலம் தாதர்ல டோம்பிவிலி லோக்கல் ரயில்ல ஏத்தி விடு மாப்ள. அந்த நெரிசல்ல தன்னால அழுவாரு."

"இவரு பொண்டாட்டி செத்துட்டாவக்கா. அந்தம்மாவுக்குப் பாடு."

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆனால் மனைவிக்காகக் கணவன் அழும் பாட்டு எங்களிடம் கிடையாது. கணவனுக்காக மனைவி அழுவதுதான் உண்டு. "அவருக்கென்ன தமிழா தெரியும், அதையே பாடு" என்று சொன்னது நான்தான்.

தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தானைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பாடினாள். அமெரிக்கர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தான் அவருக்கு ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. டிராம்பேக்கு வேலைக்குப் போன அத்தானைப் பிணமாகக் கொண்டுவந்தார்கள். பிரஷர் மாத்திரையை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

பெண்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் தொடர முடியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லி அழுதிரு தாயி" என்று பக்கத்து வீட்டுக்காரி கெஞ்சினாள்.

"அவுகளுக்கு உள்ளத அன்னைக்கே பாடிட்டேன். என் தம்பிதான் பாடச் சொன்னான்" என்றாள் அக்கா.

ஒப்பாரி இல்லாமலே அத்தானைத் தூக்கினோம். முன்பக்கம் என் தோள். தெருமுனை திரும்பும்வரை, பின்னாலிருந்து ஒரு சத்தமாவது வராதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.