கருவாட்டுக்கு முதுகு காட்டிய நாய்

நான் பள்ளி இறுதி வகுப்பை முடித்த வருஷம்தான் ஜீவகாருண்ய சங்கத்துக்கு எங்கள் குப்பத்தின் மேல் கருணை பிறந்தது. அதற்கு முன்பே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வண்டி மாடுகளுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். மாடு வயிறு நிறையக் குடிக்கலாம். மனிதன் கை நனைத்தால் காவல்காரன் கம்பெடுத்து வருவான். குப்பத்துக் குழாய் காய்ந்த நாட்களில், மாடாய்ப் பிறக்காமல் போனோமே என்று எங்கள் பெண்கள் ஏங்கியதுண்டு. நொண்டிக் குதிரைகளுக்கு இலவச வைத்தியமும் இருந்தது. குப்பத்தில் யாரிடமும் குதிரை இல்லாததற்குச் சங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தபடியாக நாய்களுக்குத் தொண்டு செய்ய ஆரம்பித்தார்கள். குப்பத்து வேப்பமரத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவன் நான் என்பதால், ஒட்டப்படும் எதையும் வாசித்துச் சொல்வது என் உத்தியோகமாகியிருந்தது. வீடற்ற நாய்களைப் பரிவோடு அழைத்துச் சென்று காப்பகத்தில் தங்க வைப்பார்களாம். சொந்தக்காரர் வராவிட்டால் அவற்றுக்கு வலியற்ற நிம்மதி வழங்குவார்களாம்.

"நிம்மதின்னா இன்னா நைனா?" என்று வலை பின்னிக்கொண்டிருந்த மாமா கேட்டார்.

"சாகடிக்கிறது மாமா."

"அத்த ஏன் இம்மாம் சுத்திகினு சொல்றான்?"



கம்பி போட்ட வண்டி வந்த காலை, என் அம்மா மீன் விற்க ராயபுரம் போயிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் கரையில் நின்ற ஒவ்வொரு நாயையும் காட்டி, "இது யாருடையது?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். சொந்தம் என்று சொன்னால் கார்ப்பரேஷனில் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்து, நாய்க் கழுத்தில் தகர வில்லை கட்ட வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் குப்பமே ஒரே குரலில், "எங்களுது இல்லீங்க" என்றது. எங்கள் பழுப்பு நாயும் பரிவோடு வண்டியேறியது.

அந்த நாய்தான் அம்மாவின் கருவாட்டுக்குக் காவல். எங்கள் பக்கத்தில் கருவாட்டு நாயைக் குட்டியிலிருந்தே பழக்குவார்கள். பச்சை மீன் தலை போடுவார்கள். கருவாட்டை மட்டும் நாக்கில் காட்டமாட்டார்கள். காயும் பாய்ப் பக்கம் மூக்கை நீட்டினால் துடைப்பக்கட்டைதான். வளர்ந்தபின் அந்த வாடை அடித்த இடத்தில், கருவாட்டுக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடும். காக்காய், பூனை, பன்றி, பக்கத்து வீட்டுக்காரி, ஒன்றும் பாய்ப்பக்கம் வர முடியாது. மழை பிடிப்பதற்குள் காய வைத்தால்தான் கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். நாய் போன பின் அம்மா நாள் முழுக்கப் பாயருகே கழியோடு உட்கார்ந்தாள். பாதியைக் காக்காய் கொண்டுபோனது. மீன் விற்கப் போனால் மீதியைக் காக்க ஆளில்லை.

"நாளைக்கு விடிகாலைல அதுங்களுக்கு நிம்மதியாம்" என்று காப்பகத்துப் பக்கம் போய்வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். அம்மா எழுந்தாள். நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து ஒரு கூடை நிரப்பினாள்.

"அதெதுக்குமா?"

"பெரிய மன்சன பாக்கப் போறோம். வெறுங்கையோட போவ சொல்றியா?"

காப்பகத்து மேற்பார்வையாளர் மிகவும் நல்லவர். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத சுத்த சைவர். கூடை வாசலைத் தாண்டியதுமே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் பள்ளியில் பொறுக்கிய இங்கிலீஷையெல்லாம் ஒன்று திரட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் அழகான தமிழில் பதில் சொன்னார்.

"சொந்தம் என்று யாரும் சொல்லிவிடலாம், தம்பி. எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. நாய்களை முற்றத்தில் அவிழ்த்து விடுவோம். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். வந்தால் அவர்களுடையது."

"பேரா? நாய்க்கு இன்னா பேரு?" என்றாள் அம்மா.

"பெயரில்லாவிட்டாலும் பாதகமில்லை. அன்புள்ள இடத்துக்கு நாய் தானாக வரும்."

அவிழ்த்து விட்டார்கள். அம்மா வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் இருந்த அத்தனை நாயும் அன்பு பொங்கி, வாலைச் சுழற்றிக்கொண்டு, அம்மாவின் தலைமேலிருந்த கூடையைப் பார்த்து எம்பின. சொறி நாய், ஒற்றைக்கண் நாய், எழுந்து நிற்கவே முடியாது என்று எழுதி வைத்திருந்த கிழட்டு நாயும்கூட. ஒன்று மட்டும் சுவரோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பழுப்பு நாய்.

"அதோ, அதாங்க என்னுது!"

மேற்பார்வையாளர் வருத்தத்தோடு சிரித்தார். "அது ஒன்றுதான் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே, அம்மா."

"வராத நாயிதான் சாமி என் நாயி. வந்ததெல்லாம் திருட்டு நாயிங்கோ."

"வராததெல்லாம் உங்களுடையது என்றால், மெட்ராஸில் இருக்கிற எல்லா நாயும் உங்களுடையதுதான்."

தர்க்கம் அவர் பக்கம் இருந்தது. கருவாட்டு நாயைப் பழக்கும் முறையை நான் விளக்க ஆரம்பித்தேன். துடைப்பக்கட்டை என்றதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு பெரிய மனதோடு, ஓடி வந்தவற்றில் பிடித்த ஒன்றை அம்மா இலவசமாகவே கொண்டுபோகலாம், இதுவும் சங்கத்தின் தொண்டுகளில் ஒன்று என்றார்.

"கருவாட்ட துன்றதுக்கு நாயி வளக்கணுமா? அதுக்கு எம்புள்ளயே போதும்."

"அப்படியானால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று அவர் உள்ளே போகத் திரும்பினார்.

அம்மா கூடையை இறக்கி முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றாள். காணிக்கையை வைத்துவிட்டுத் தோற்றுத் திரும்புகிறாள் என்றே நினைத்தேன். நாய்கள் கூடைமேல் பாய்ந்தன. மறுகணம் சுவரோரத்திலிருந்து பழுப்பு நாய் சூறைக்காற்றாய் வந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் அங்கே ஜீவகாருண்யம் இல்லை. கிழட்டு நாய் இளமை திரும்பி ஓடியது. முற்றம் காலியானதும் பழுப்பு நாய் கூடைக்கு முதுகைக் கொடுத்து, எங்களைப் பார்த்து உட்கார்ந்தது.

"கூடையை வெளியே கொண்டுபோ!" என்றார் மேற்பார்வையாளர். காப்பகத்து வாசல் காவல்காரர் வெகு நேரமாக அந்தக் கூடைமேல்தான் கண்ணாக இருந்தார். ஆசையோடு ஓர் அடி வைத்தார். நாய் எல்லாப் பல்லையும் காட்டியது.

"தொர, இத்த நான் தொட்டேன்னா எனுக்குத்தான் நிம்மதி" என்று அவர் பின்வாங்கினார். மேற்பார்வையாளர் அதற்குள் பெஞ்சின் மேல் ஏறியிருந்தார்.

"இப்ப சொல்லுங்க சாமி. யார்து?"

பெஞ்சின் மேலிருந்து பார்த்தால் தர்க்கம் வேறு மாதிரித் தெரியும் போலிருக்கிறது. "அழைத்துக்கொண்டு போங்கள், அம்மா. தயவுசெய்து. கூடையையும்."

அம்மா கூடையைத் தலையில் ஏற்றினாள். நாய் பின்னால் நடந்தது. லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும் என்று வாசல்வரை அவர் குரல் மட்டும் வந்தது. காவல்காரர் ஒரு கைப்பிடியாவது கிடைக்கும் என்ற முகத்தோடு கூடவே வந்தார். அம்மாவுக்குக் கொடுக்க மனமிருந்தது. கூடைக்குள் கை விட்டாள். நாய் உறுமியது.

"வுட்டுடு யம்மா, பரவால்ல" என்று அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார்.