பாப்பி தின்னாத பன்

காப்பகத்து நாய் பாப்பியை இன்று களம்பூரில் ஒரு வீட்டில் விட்டேன். அவளுக்கு இது மூன்றாவது வீடு. முதல் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுங்கினாள். அடுத்த வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. இரண்டு வீட்டாருமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விட்டுவிட்டுக் கிளம்ப எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஒரு பன்னைப் போட்டு, அவள் தின்னும்போது நழுவிவிடுவேன். அந்த இரண்டு வீட்டிலும் அப்படித்தான் செய்தேன்.

இன்றும் போட்டேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் கழற்றிய என் செருப்பின்மேல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"பசி இல்ல போல கீதுங்க," என்றார் அந்த வீட்டு அக்கா.

"காத்தாலருந்து ஒண்ணுமே தின்னலக்கா," என்றேன்.

வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

ஏமாற்றாமல் விடைபெறத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். என்னிடம் இன்னும் ஒரு ஜோடி செருப்புதான் இருக்கிறது.