செக்கர் அண்ணி ஒட்டிய அம்பு

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் அவர் செக்கர். சட்டை தைக்கும் கம்பெனியில் தைத்து வருவதைச் சரிபார்க்கிற வேலை. ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒரு மேஜை, கையில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி, பக்கத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் சுருள். தையல் விட்டிருந்தால், காலர் கோணியிருந்தால், அந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டி, பிரித்துத் தைக்கத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவ இதுவரை ஒரு டெய்லராலும் முடிந்ததில்லை.

அதோடு நிறுத்தினால் பரவாயில்லையே! எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் குடியிருக்கிறார். சுருளும் கூடவே வீட்டுக்கு வரும். திரைச்சீலையில் ஓர் அம்பு, தலையணை உறையில் ஓர் அம்பு. ஒருமுறை நான் சரியாகக் கழுவாத டம்ளரிலும் அம்பு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் சுரண்டுவேன்.

"எதுக்கு முணுமுணுக்கற? குறைய சொன்னாத்தானே சரி பண்ண முடியும்?" என்பார்.

"நீங்க மட்டும் பொறக்கும்போதே பாஸாகி வந்தவங்களா அண்ணி?" என்று கேட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அந்த அண்ணிக்குத்தான் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சில மாதங்களில் கல்லீரலில் தலைகாட்டியது. கீமோ ஏற்றினார்கள். அண்ணியின் விரல்கள் மரத்துப்போனதுதான் மிச்சம், கட்டி அசைந்து கொடுக்கவில்லை. "துணிய தொட்டா ஒண்ணுமே தெரியலடி" என்றார். அண்ணி இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா கட்டியின் துண்டு ஒன்றை இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைக் கேட்க மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம்.

"செல் ஒண்ணு ரெண்டாகும்போது டிஎன்ஏவ நகல் எடுக்கும். நகல்ல தப்பு வரத்தான் செய்யும். அத கண்டுபிடிச்சு சரி பண்ண சில புரதங்கள் இருக்கு. உங்க கட்டியில அதுல ரெண்டு இல்லவே இல்ல."

என் கணவரின் முகம் இருண்டுவிட்டது. இருக்கிற கஷ்டம் போதாதென்று இது வேறா! நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். அண்ணி மட்டும் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கட்டிக்குள்ள செக்கர் லீவா டாக்டர்?"

"லீவுதான். ஆனா அதுதாம்மா நல்ல சேதி! சரி பண்ண ஆள் இல்லாததால உள்ள தப்பு மேல தப்பு. கண்டபடி புரதம் செஞ்சு தள்ளுது. நோய் எதிர்ப்பு செல்லுங்க அத பார்த்ததும், 'இது நம்ம வீட்டு சரக்கு இல்லையே'ன்னு வந்து சூழ்ந்துக்கும். உங்க கட்டிய சுத்தியும் நிக்குதுங்க. ஆனா கட்டி அதுங்களுக்கு பிரேக் போட்டு வச்சிருக்கு. அந்த பிரேக்க எடுத்துவிட மருந்து இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி கட்டியில நிறைய பேருக்கு கேட்டிருக்கு."

குறையே கைகொடுக்கும் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்து ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு. தைராய்டு படுத்துக்கொண்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரை. பிரேக்கை எடுத்துவிட்ட வண்டி நாலு இடத்தில் இடிக்கத்தானே செய்யும்? ஆனால் அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. அதற்கடுத்ததில் வெறும் தழும்பு. நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அவர்தான் அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். இந்தக் குறை பரம்பரையாக வந்ததாம், தம்பிக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பாம். என் மாமனாரும் குடல் நோயில்தான் போனார். ரத்தத்தைச் சோதித்தால் என் கணவருக்கும் இருந்தது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். மனுஷன் மசியவில்லை.

"எனக்குதான் ஒண்ணுமே பண்ணலயே. சும்மா கிடக்கறத எதுக்கு கிளறணும்?"

கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ம்ஹூம்.

ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். சுருளிலிருந்து ஓர் அம்பை உரித்து, தம்பியின் சட்டையில் வயிற்றுக்கு நேராக ஒட்டி, மரத்த விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"என்னக்கா இது?"

"செக் பண்ணாம இந்த பீஸ் வெளிய போகக்கூடாதுடா. எனக்கு முன்னாடியே பார்த்துச் சொல்ல ஆள் இல்ல. உனக்கு நான் இருக்கேன்ல?"

குரல் உடைந்துவிட்டது. அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான். என் கணவர் செருப்பைக் கழற்றினார்.

குடலில் ஒரு சின்ன சதை வளர்ச்சி இருந்தது. குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் அக்காவுக்கு வந்தது தம்பிக்கும் வந்திருக்கும் என்றார்கள். இப்போது வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகிறார், முணுமுணுத்துக்கொண்டேதான்.

அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டார். நேற்றுகூடத் திரைச்சீலையில் ஓர் அம்பு. வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே சுரண்டினேன். என் கணவரின் அந்தச் சட்டையை மட்டும் நான் துவைக்கவே இல்லை. அம்போடு மடித்து என் அலமாரியில் வைத்திருந்தேன். அண்ணியின் கண்ணுக்குத் தப்புமா?

"ஏம்மா, சரி பண்ணின பீஸ்ல இன்னும் எதுக்கு அம்பு?"

"என் புருஷன எனக்கு திருப்பிக் குடுத்தது நீங்க அண்ணி. அத நான் மறந்துடக்கூடாதுன்னுதான்."

அண்ணி சட்டையைக் கையில் எடுத்தார். பிறகு காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்காக இப்படி அழுக்கோடவா மடிச்சு வைப்ப?" என்றபடியே, ஓரம் பிரிந்திருந்த அம்பை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார்.