சேட்டனுக்கு வைத்த வெற்றிலை

கொச்சியில் யாரும் மரியாதை இல்லாமல் திட்டமாட்டார்கள். 'சேச்சி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் ஆரம்பிப்பார்கள். மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் பழம்பொருள் கடையில் மட்டும் அந்த முதல் பாதி கிடையாது. முதலாளி விஜயன் சேட்டன் நேராகவே விஷயத்துக்கு வந்துவிடுவார். "எடீ பாண்டி, ஆ விளக்கு இங்ஙெடுத்தே!" இங்கே தமிழர்களுக்குப் பாண்டிதான் பட்டப்பெயர். எனக்கு முருகேஸ்வரி என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்யாணமாகிப் பக்கத்துச் சுள்ளிக்கல்லுக்கு வந்த இரண்டு வருஷத்தில் அது ரேஷன் கார்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம் வார்த்த பித்தளை விளக்குக்கு எங்களிடம் வந்த பத்தாம் நாள் முந்நூறு வயதாகிவிடும். வெள்ளைக்காரர்கள் கண் கலங்கி வாங்கிக்கொண்டு போவார்கள். சேட்டன் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கித் தருவார். "பாண்டிக்குச் சுக்குக் காப்பி கொடு" என்று சாயாக்கடைக்கும் சொல்லி அனுப்புவார். அன்பிலும் பாண்டிதான்.

அப்போதுதான் டெனீஸ் வந்தாள். லண்டனில் பிறந்தவள், ஜமைக்காவிலிருந்து போன குடும்பம், என்னைவிட இரண்டு சுற்றுக் கறுப்பு. பக்கத்துத் தெரு வாசகசாலையில் மாலை நேரத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாள் என்றார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று நினைத்துத் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். போனால் ஸ்பீக்கரில் டம் டம் என்று அடிக்கிறது. ஹிப்-ஹாப்பாம். முதல் நாள் எங்களை வட்டமாக உட்கார வைத்து, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தன்னைக் கூப்பிட்டதை முதலில் அவளே சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், குரல் மட்டும் சிரிக்கவில்லை. என் முறை வந்தபோது பாண்டி என்றேன்.

எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன கல்லூரிப் பெண் ஃபாத்திமா சங்கடப்பட்டு, "அது வெறும் நாட்டின்றெ பேரல்லே, சேச்சி?" என்றாள்.

"பேருதான். சொல்ற மூஞ்சிதான் நல்லால்ல" என்றேன். டெனீஸ் தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

அவர்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, எதுகை மோனையோடு ஒருவர் குடும்பத்தை ஒருவர் கிழிப்பார்களாம். கோபப்பட்டவர் தோற்றார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடியே, இது எங்கள் சம்பந்தி ஏசல்! கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால், பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் நின்று சம்பந்தியின் மூக்கு, முழி, கஞ்சத்தனம் எல்லாவற்றையும் பாட்டில் நாறடிப்பார்கள். முகம் சுளித்தால் மானம் போச்சு. பாடி முடித்தவர், ஏசப்பட்டவர் கையில் வெற்றிலை பாக்கு வைத்து ராசியாக வேண்டும். இதற்கா லண்டனிலிருந்து வர வேண்டும்?

நிறைவு நாளில் மேடை. விஜயன் சேட்டன்தான் நாற்காலி வாடகைக்கு உதவியவர், அதனால் முன்வரிசை. நான் பாடப்போவது அவரைத்தான். "வேலை போயிரும் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வாயை மூடினால் கடைசி வரைக்கும் பாண்டிதான். டெனீஸ் தாளம் போட்டாள், பின்னால் பெண்கள் 'ஆமா' போட்டார்கள்.

போன மாசம் வார்த்த விளக்கு – அதுக்கு
முந்நூறு வயசுன்னு மொதலாளி கணக்கு!
புளிய வச்சு நான் தேய்ச்சாப் புதுசாகும் – சேட்டன்
பொய்ய வச்சுத் தேய்ச்சாலே பழசாகும்!
பாண்டியில வெளஞ்ச காய்தான் ஓணச் சாப்பாடு – சேட்டா,
பாண்டின்னு சொல்லும்முன்னே வாயத் தொடச்சுப் போடு!

கூட்டம் ஊளையிட்டது. சேட்டன் முகம் சிவந்துபோனது. பழக்கதோஷம், நேரே இறங்கிப் போய், முந்தானையில் முடிந்து வந்திருந்த வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாயும் அவர் கையில் வைத்தேன். இங்கே அதற்குப் பெயர் தட்சிணையாம். குருவுக்கும் பெரியவர்களுக்கும் வைத்து ஆசி கேட்பது. எனக்கு எங்கே தெரியும்? கிழித்துவிட்டு ஆசீர்வாதம் கேட்கும் பெண்ணை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. திகைத்து எழுந்தார். என் தலையில் கை வைத்து, "நன்னாயி வரட்டே" என்று ஆசீர்வதித்தார். பக்கத்தில் டெனீஸ் ஜெயித்தது யார் என்று ஃபாத்திமாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆசியல்ல, ராசி என்பதை இரவோடு ஃபாத்திமா அவருக்கு விளக்கிவிட்டாள் போல. மறுநாள் காலையில் அவர் கடை நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பாண்டி லாரி போலே நாக்கு, பிரேக்கு மாத்ரம் இல்லா,
சம்பளம் வாங்ஙும் நேரத்து ஒச்ச தீரே இல்லா!"

பிரேக் இல்லாத நாக்கு, சம்பளம் வாங்கும்போது மட்டும் சத்தமே காட்டாதாம். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சட்டம் நான் கொண்டு வந்தது, சிரித்துத் தொலைத்தேன். "ஏசினவங்க வெத்தலை வைக்கணும், சேட்டா" என்றேன். சாமி படத்துக்கு முன்னால் பத்திரமாக வைத்திருந்த என் வெற்றிலையையே எடுத்து வந்தார். ஓரம் வாடியிருந்தது.

"இந்நா, முருகேஸ்வரி."

சொந்தப் பெயர் காதில் விழுந்து எத்தனை நாளாயிற்று! அழுதுவிடுவேனோ என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா போனில் வந்தாள். மேடையில் நான் பாடியதை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டாளாம். "நல்லாத்தான் கிழிச்சிருக்க. ஆனா நீ எந்தப் பக்கம்டி நின்னு பாடுன? பொண்ணு வீட்டுப் பக்கமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?"

வாய் நிறைய வெற்றிலை. "ம்" என்றேன்.